நிலைமொழியும் வருமொழியும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய உரையொன்றில் மோட்டார் காருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் என்ன வேலை என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். சட்டைப் பையில் அடங்கும் இன்றைய பாட்டுக் கருவியை, இருபது முப்பது வருடங்களுக்கு முற்பட்ட காரொன்றின் செற்றுடன் எவ்வாறு இணைப்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதை மின்னியல் வேலை தெரிந்தவரின் காரியமென்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பழையதொன்றின் பக்கத்தில் புதியதொன்று வந்து நிற்கும்போது இரண்டுக்குமிடையில் என்ன நிகழும் என்ற கேள்வியைத் தமிழ் இலக்கணகாரர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கேட்டு, ஒழுங்காக விடையும் எழுதி வைத்திருக்கின்றனர். அவர்கள் அதற்கு இட்ட பெயர் புணர்ச்சி. முன்னே நிற்பது நிலைமொழி. பின்னே வந்து சேர்வது வருமொழி. நமது காரில் பல வருடங்களாகக் குந்தியிருக்கும் கசெற் செற் நிலைமொழி. கையிலுள்ள கைத்தொலைபேசி வருமொழி.

முதலில், இந்தப் பழைய செற்றுகள் ஏன் இன்னும் இருக்கின்றன என்று பார்ப்போம். கொலன்னாவையிலிருந்து தெமட்டகொடைப் பக்கமாக வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ போகும் ஒருவர் வழியிற் காணும் கார்களைச் சற்றுக் கவனித்துப் பார்க்கட்டும். யப்பானில் ஓடி முடித்து இங்கே வந்து இரண்டாவது வாழ்வு வாழும் பழைய கார்களை அவர் கட்டாயம் காண்பார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே கதவு திரும்பத் திறந்தது. இடையிலே 2022 வந்தது. கொலன்னாவைக் களஞ்சியத்திலிருந்து பவுசர் எப்போது புறப்படும் என்று நாடே வழி பார்த்திருந்த வருடம் அது. அந்த ஐந்து வருடங்களில் கார் வைத்திருந்தவர் அதை விற்று வேறு வாங்க எண்ணவில்லை. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி உள்ளதைத் திருத்திக்கொண்டார். கார் தப்பியபோது அதனுள் இருந்த செற்றும் தப்பியது.

அந்தச் செற் எப்படி வேலை செய்கிறது? ஒலிநாடாக் கசெற்றைப் பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பேர்லின் கண்காட்சியில் அறிமுகஞ் செய்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஒட்டன்ஸ் என்ற ஒல்லாந்துப் பொறியியலாளர். அவர் 2021இல் காலமானார். பிற நிறுவனங்களும் அதே அளவில் கசெற் செய்ய இடமளிக்கப்பட்டமையால், எந்த ஊரிற் செய்த கசெற்றும் எந்த ஊர்ச் செற்றிலும் பாடிற்று. நாடாவின் அகலம் 4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அது வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் நகர்கிறது. நாடாவின் மேற்பூச்சில் காந்தத் துகள்கள் உள்ளன. பாட்டானது அந்தத் துகள்களின் ஒழுங்கிலே எழுதப்பட்டிருக்கிறது. செற்றினுள் ஒரு சிறிய உலோகத் தலை உண்டு. அதற்குள் ஒரு கம்பிச் சுருள். நாடா அந்தத் தலையை உரசிக்கொண்டு போகும்போது மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப் புலம் சுருளில் மெல்லிய மின்சாரத்தை எழுப்புகிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்குக் கொடுத்தாற் பாட்டு. அந்தத் தலைக்கு வேண்டியது மாறும் காந்தப் புலம் ஒன்றே. அது நாடாவிலிருந்து வருகிறதா வேறெங்கிருந்தும் வருகிறதா என்று அது கேட்பதில்லை. இந்த உண்மையை மனத்திற் கொள்ளுங்கள். சற்றுப் பின்னர் இது பயன்படும்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். இரு சொற்கள் சேரும்போது மாற்றமேதுமின்றிச் சேர்வது இயல்புப் புணர்ச்சி. பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆகிறது. எழுத்தெதுவும் கூடவில்லை, குறையவில்லை. மாற்றத்தோடு சேர்வது விகாரப் புணர்ச்சி. அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை. பூவும் கொடியும் பூங்கொடியாகும்போது இடையில் ஓரெழுத்துத் தோன்றுகிறது. பொன்னும் குடமும் பொற்குடமாகும்போது ஓரெழுத்து வேறாகத் திரிகிறது. மரமும் வேரும் மரவேராகும்போது ஓரெழுத்துக் கெடுகிறது. நம்முடைய காரிலும் இந்த நான்கு வழிகளே உண்டு.

முதலாவது இயல்பு. செற்றின் முகப்பில் ஓக்ஸ் என்று எழுதிய சிறு துவாரம் இருந்தால் உங்கள் பாடு சுலபம். மூன்றரை மில்லிமீற்றர் பிளக் இரு முனைகளிலும் உள்ள ஒரு வயர் போதும். அந்தப் பிளக்கில் மூன்று தொடுபகுதிகள் உண்டு. ஒன்று இடப்பக்க ஒலிக்கு, ஒன்று வலப்பக்க ஒலிக்கு, மற்றது இரண்டுக்கும் பொதுவான நிலத் தொடுப்புக்கு. ஒலி எந்த உருமாற்றமும் பெறாமல் நேரே போய்ச் சேர்வதால், பழைய செற்றை வைத்துக்கொள்ளும் வழிகளில் தெளிவு கூடியது இதுவே. ஆனால் 1990களில் வந்த பெரும்பாலான கார்ச் செற்றுகளில் இந்தத் துவாரம் இல்லை.

இரண்டாவது தோன்றல். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பொருள் வருகிறது. கசெற்றைப் போன்ற உருவம். உள்ளே நாடா கிடையாது. வாலைப் போல ஒரு வயர். இதனைக் கசெற் அடப்டர் என்பர். 1980களில் அமெரிக்கரான லாரி ஷோட்ஸ் இதற்குக் காப்புரிமை தேடியபோது, அப்போது புதிதாக வந்திருந்த இறுவட்டுக் கருவியைக் கசெற் செற்றுடன் சேர்ப்பதே நோக்கமாக இருந்தது. நாடா இருக்க வேண்டிய இடத்தில் இதற்குள் ஒரு சிறு தலை இருக்கிறது. கைத்தொலைபேசியின் ஒலி அதன் சுருளில் ஓடும்போது மாறும் காந்தப் புலம் பிறக்கிறது. எதிரேயுள்ள செற்றின் தலை அதை நாடாவென்றே எண்ணி வாசிக்கிறது. உள்ளே சில பற்சக்கரங்களும் உள்ளன. ஏனெனில் சுருளச்சுச் சுற்றாவிட்டால் நாடா முடிந்துவிட்டதென்று செற் நினைத்துக்கொள்ளும். மறுபக்கம் திருப்பும், அல்லது கசெற்றை வெளியே தள்ளிவிடும். அடப்டரைப் போட்டும் சத்தம் வராவிட்டால், செற் மறுபக்கத்தை வாசிக்கிறதா என்று திசை மாற்றும் பொத்தானை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும்.

இலக்கணத்தில் இதற்கு நேரான பொருள் உடம்படுமெய். மணியும் அழகும் சேர வேண்டும். முன்னதன் ஈற்றிலும் உயிர், பின்னதன் முதலிலும் உயிர். இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் நின்றால் நாக்குத் தடுமாறும். ஆகவே யகர மெய் ஒன்று நடுவில் வந்து மணியழகு என்று சேர்த்து வைக்கிறது. பூவும் அழகும் சேர வகர மெய் வருகிறது. அந்த மெய்க்குத் தனியே பொருள் கிடையாது. அது நிலைமொழிக்கும் சொந்தமன்று, வருமொழிக்கும் சொந்தமன்று. இரண்டையும் உடன்பட வைப்பதே அதன் தொழில். வகுப்பறையில் உடம்படுமெய்யை விளக்கும்போது மாணவர் முகத்தில் தெளிவு வராவிட்டால், இந்த நாடா இல்லாத கசெற்றைக் காட்டினாற் போதும்.

மூன்றாவது திரிதல். சிகரெற் மூட்டும் துவாரத்திற் சொருகும் சிறு பண்பலை அனுப்பிகள் நகரக் கடைகளிற் கிடைக்கின்றன. கைத்தொலைபேசியின் ஒலியை இது வானொலி அலையாக்கிச் சில மீற்றர் தூரத்துக்கு அனுப்பும். செற்றின் வானொலி அதைப் பிடித்துப் பாடும். ஒலி அலையாகித் திரும்பவும் ஒலியாகிறது. புளூடூத் வசதி உள்ளதாயின் வயரும் வேண்டியதில்லை. ஆனால் திரிபுக்கு ஒரு நிபந்தனை உண்டு: யாரும் பேசாத அலைவரிசையொன்று வேண்டும். 1990களின் பிற்பகுதியிலிருந்து தனியார் வானொலிகள் பெருகிய கொழும்பில் அவ்வாறான வெற்றிடம் அரிது. கொழும்பிற் கிடைத்த வெற்றிடம் கண்டிக்குப் போகும் வழியில் இன்னொரு நிலையத்தின் இடமாகிவிடும்.

யப்பானிய செற்றுகளில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. நமது நாட்டிலே பண்பலை 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை. பழைய யப்பானிய செற்றுகளோ 76 முதல் 90 வரையே கேட்கும். இரண்டுக்கும் பொதுவான நிலம் மிக ஒடுங்கியது. இதனாற்றான் இறக்குமதியான கார்களில் அன்ரெனாவுக்கும் செற்றுக்கும் இடையே ஒரு சிறு பெட்டியைப் பூட்டுகிறார்கள். அதை பாண்ட் எக்ஸ்பாண்டர் என்பர். வரும் அலைவரிசையிலிருந்து ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கழித்துச் செற்றுக்குக் கொடுப்பது அதன் வேலை. அந்த எண் 14 என்று வைத்துக்கொண்டால், 98இல் ஒலிபரப்பாகும் நிலையம் செற்றில் 84இற் கேட்கும். ஆகவே, அனுப்பியில் எந்த எண்ணை வைத்தோமோ அந்த எண் செற்றிற் கிடைக்கவில்லையென்று மனஞ் சோர வேண்டாம். கழித்தல் எண் எதுவென்று அறிந்துகொண்டால் பாட்டு இருக்குமிடம் தெரிந்துவிடும். திரிபு விதி தெரியாதவனுக்குப் பொற்குடத்தில் பொன்னைக் காண முடியாததைப் போன்றதே இதுவும்.

நான்காவது கெடுதல். பழைய செற்றைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொடுதிரையுள்ள புதிய செற் பூட்டுவது. இதைக் குறை சொல்வதற்கில்லை, வசதிகள் அநேகம். ஆயினும் மரவேரில் மகர மெய் கெட்டபோது எது போனது, எது நின்றது என்று இலக்கணகாரர் கணக்கு வைத்திருந்தார். அந்தக் கணக்கை நாமும் வைத்திருக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். பழைய செற்றோடு போவது எது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. வேலை கொடு என்பதற்கும் வேலைக் கொடு என்பதற்கும் இடையே ஒரேயொரு ககர மெய்தான் வேறுபாடு. முன்னது தொழில் கேட்கிறது. பின்னது ஆயுதம் கேட்கிறது. சேருமிடம் பிசகினாற் பொருளே மாறிவிடும். காரிலும் அப்படியே. கைத்தொலைபேசியின் மெல்லிய ஒலி, செற் அதைப் பெருக்குவதற்கு முன்னுள்ள இடத்திலேயே போய்ச் சேர வேண்டும். பெருக்கிய பின்னர் ஒலிபெருக்கிக்குப் போகும் வயர்களில் அதைத் தொடுத்தாற் பாட்டு வராது. கருவி பழுதாவதும் உண்டு. செற்றைத் திறந்து ஈயம் வைக்க வேண்டிய வேலையை வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள். இன்னொன்று: கைத்தொலைபேசியைக் காரிலேயே மின்னேற்றிக்கொண்டு வயர் வழியாகப் பாட்டும் கேட்டால், எஞ்சினின் வேகத்தோடு கூடிக் குறையும் ஒரு சீழ்க்கைச் சத்தம் சில கார்களிற் கேட்கும். நிலத் தொடுப்பு இரண்டு வழியாகச் சுற்றி வருவதே காரணம். மின்னேற்றும் வயரைக் கழற்றிப் பாருங்கள்; சத்தம் நின்றால் காரணம் அதுதான். அதைத் தடுக்கும் சிறு இணைப்பும் கடைகளில் உண்டு.

நேயர்களே, இணைக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. 1990இலிருந்து பல வருடங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. பெற்றோலும் அவ்வாறே. அந்நாட்களில் மக்கள் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றினார்கள். டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலி பேசியது. டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். வானொலிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். இரண்டையும் சேர்த்து வைத்தது டயோட் என்ற சிறு துண்டு. அதுவும் ஓர் உடம்படுமெய்யே. சுற்றும் கை தளர்ந்தால் செய்தியும் தளர்ந்து நின்றது. மொரிஸ், ஒஸ்ரின் போன்ற பழைய கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் கார்களையும் வானொலிகளையும் பழையவையென்று முன்னரே எறிந்திருந்தால், அந்த வருடங்களில் வைத்தியசாலைக்குப் போக வாகனமும் இருந்திராது. வெளியுலகச் செய்தியும் இருந்திராது.

இதிலும் பழைய உதாரணமொன்று நமது இலக்கிய வரலாற்றில் உள்ளது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். அவர் கையில் இருந்தவை ஏட்டுச்சுவடிகள். ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரேமாதிரி இருக்கும். ரகரத்தையும் காலையும் வேறு பிரிப்பது கடினம். ஏடு வீட்டில் இருந்தாலும் அதை வாசிக்கத் தெரிந்த கண் இல்லாவிட்டால் அது வெறும் பனையோலை. நிலைமொழி ஏடு, வருமொழி அச்சு. இரண்டுக்கும் நடுவே நின்று பழைய எழுத்தை வாசித்துப் புதிய எழுத்தில் வைத்தவர் அவர். வாசிக்கும் கண் இருந்த காலத்திலேயே அந்த வேலை முடிந்தமையால் நூல்கள் பிழைத்தன. பிழைக்காதவற்றுக்கும் நம்மிடம் கணக்குண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் ஏட்டுச்சுவடிகளும் இருந்தன.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். பழைய செற்றோடு போவது, கசெற்றை வாசிக்கும் தலை. நமது வீடுகளிற் கசெற்றுகள் இன்னும் இருக்கின்றன. சினிமாப் பாட்டுக் கசெற்றைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அந்தப் பாட்டுகளை வேறிடத்தில் எளிதாகப் பெறலாம். ஆனால் ஊர்க்கோயில் திருவிழாவில் இரவிரவாக வாசிக்கப்பட்ட நாதஸ்வரமும் தவிலும், பள்ளிக்கூட மேடையில் நிகழ்ந்த நாட்டுக்கூத்தும், புலம்பெயர்ந்த பிள்ளைக்குக் கடிதத்துக்குப் பதிலாகத் தாய் பேசி அனுப்பிய கசெற்றும் உலகில் ஒரேயொரு பிரதியாகவே இருக்கும். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவரை நேரிற் கேட்ட செவிகள் குறைந்து வருகின்றன. பின்வந்தவர்க்கு அவர் பெயர் வெறும் புகழுரையாக நின்றுவிடாமற் காப்பது ஒலிப்பதிவு ஒன்றே. கோயில் வீதியில் யாரோ ஓர் அன்பர் மடியில் வைத்துப் பதிந்த நாடாவும் அதில் அடங்கும்.

காந்தத் துகளுக்கும் ஆயுள் உண்டு. வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்த கசெற் வளையும். ஈரம் பட்டதிற் பூஞ்சணம் பிடிக்கும். நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு கழன்று விழும். செற்றின் றப்பர்ப் பட்டி இளகிப் போகும். ஆகவே வேலை செய்யும் செற் ஒன்று கிடைக்கும்போதே பிரதியெடுத்துவிட வேண்டும். கார்ச் செற்றிற் கேட்டு மகிழலாம். பிரதியெடுப்பதற்கு வீட்டுச் செற் உகந்தது. முதலில் கசெற்றின் மேல்விளிம்பில் உள்ள இரு சிறு தகடுகளை முறித்துவிடுங்கள், தவறுதலாக அழிந்துவிடாது. தலையைப் பஞ்சிற் சிறிது மதுசாரம் தொட்டுத் துடையுங்கள். நாடாவை ஒருமுறை முடிவு வரை சுற்றித் திரும்பச் சுற்றுங்கள், ஒட்டியிருந்தால் விடும். பின்னர் செற்றின் ஒலி வெளிவரும் துவாரத்திலிருந்து கணினியின் ஒலி உட்செல்லும் துவாரத்துக்கு ஒரு வயர். அறுபது நிமிடக் கசெற்றுக்கு அறுபது நிமிடம் வேண்டும். குறுக்கு வழி கிடையாது. முடிந்ததும் யார் பேசியது, எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதி வையுங்கள். பெயரில்லாத குரல் அடுத்த தலைமுறைக்கு யாரோ ஒருவரின் குரல். பொதுப் பயனுள்ளவற்றைச் சேர்த்துப் பாதுகாக்க 2005இற் தொடங்கிய நூலகம் போன்ற எண்ணிம முயற்சிகளும் நம்மிடையே உண்டு.

நூற்றுக்கணக்கான வருடங்களாகத் தமிழ் புதிய சொற்களைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. வருமொழியைக் கண்டு நிலைமொழி வாசலைப் பூட்டியதில்லை; வருமொழி வந்ததென்று நிலைமொழியை ஒரேயடியாகத் துரத்தியதுமில்லை. எது அப்படியே நிற்கும், எது தோன்றும், எது திரியும், எது கெடும் என்று ஆராய்ந்து சேர்த்தது. அந்த நிதானம் நம் வீட்டுப் பொருள்களிலும் வேண்டும். உங்கள் காரிலே பழைய செற் இருந்தால் ஒரு கசெற் அடப்டரை வாங்கிப் புதிய பாட்டைக் கேளுங்கள். வீட்டில் அலுமாரியின் மேல் சப்பாத்துப் பெட்டியில் கசெற்றுகள் கிடந்தால், வருகிற போயா தினத்தில் அதை இறக்கி, ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள். எழுதாதிருப்பவற்றை முதலிற் கேளுங்கள்.